பின் அச்சை இரண்டாக வெட்டியதில் தவறில்லை

ஹோண்டா, யமஹா, போலாரிஸ், கேன்-ஆம் நிறுவனங்களில் குவாட் (கரடுமுரடான தரையில் ஓட்டும், ஹேண்டில்பார் வைத்த நான்கு சக்கர வண்டி) வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். மினசோட்டாவிலும் ஜப்பானிலும் படிக்க வேண்டிய மடலைத் தமிழில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். வாகன வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டு தமிழில் டீ சொல்லி அனுப்புகிறவர்கள் உங்களிடமும் இருப்பார்கள். அவர்கள் மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

கேட்பது ஒன்றுதான். பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஸ்போர்ட் குவாட் மறுபடி வேண்டும். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற, செயின் வைத்த, கனமில்லாத வண்டி. இது புதுக் கனவு அல்ல. போலாரிஸ் 2006இல் அவுட்லா 500 கொண்டுவந்தது, அதன்பின் கேடிஎம் எஞ்சின் வைத்து அவுட்லா 525. ஹோண்டா 2008இல் 686 சிசி எஞ்சினோடு டிஆர்எக்ஸ்700எக்ஸ்எக்ஸ் விட்டது, 2009 மாடலோடு மூடிவிட்டது. அவுட்லாவும் சில வருடங்களில் போய்விட்டது. பொருளாதார மந்தம் அப்போதுதான் வந்தது, ஆர்இசட்ஆர் மாதிரி இரண்டு பேர் அருகருகே உட்காரும் வண்டிகளும் அப்போதுதான் வந்தன. இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல், ‘ஸ்போர்ட் குவாட்டுக்கு ஒற்றை அச்சே, அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் கோத்த ஒரே தண்டே, போதும்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மோட்டோகிராஸ் தடத்துக்கு அந்தத் தீர்ப்பு சரிதான். மணலுக்குப் பொருந்தாது.

கலிபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளை எடுத்துக்கொள்வோம். ஓட்டுபவர்கள் கிளாமிஸ் என்றால்தான் தலையாட்டுவார்கள். நீளம் 40 மைலுக்கு மேல், உயர்ந்த முகடுகள் 300 அடி. படத்தில் பார்த்தால் பட்டுத்துணி விரித்த மாதிரி இருக்கும். கூடாரத்திலிருந்து பெரிய மேடுகளுக்குப் போகும் வழியைப் பாருங்கள்: ஆயிரம் வண்டிகள் உழுது போட்ட வூப்ஸ் (வரிசையான திட்டுகள்), இடமும் வலமும் ஒத்துவராத பள்ளமும் திட்டும். ஒற்றை அச்சு வண்டியில் இடது சக்கரம் திட்டில் ஏறினால் அச்சே சாய்கிறது, வலது சக்கரத்தின் பிடி போகிறது, பின்பக்கம் பக்கவாட்டில் உதைக்கிறது. அதை ஓட்டுபவர் இடுப்பாலும் முழங்காலாலும் சமாளிக்கிறார். 20 நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். ஒவ்வொரு சக்கரத்தையும் சட்டத்தோடு இணைக்கும் தனித்தனி ஆர்ம் இருந்தால் திட்டு அந்த ஒரு சக்கரத்தோடு முடிந்துவிடும். மறுபக்கத்தில் துடுப்பு வைத்த பேடில் டயர் மணலை வாரிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது கத்திமுகடு. காற்று ஏறும் பக்கம் மணல் இறுகி, சரிவு 10, 15 டிகிரிதான் இருக்கும். காற்று இறங்கும் பக்கம் மணல் பொலபொலவென்று 32, 34 டிகிரியில் நிற்கும். இரண்டும் சேரும் விளிம்பில் வண்டியின் வயிறு தட்டும். 20 அங்குல டயரில் அச்சின் உயரம் 10 அங்குலம். அதிலிருந்து செயின் சுற்றும் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் காப்புத் தகடும் கீழே தொங்கினால் மிஞ்சுவது 4, 5 அங்குலம். மெதுவாகத் தாண்டும்போது அந்தத் தகடுதான் மணலில் நங்கூரம் போடுகிறது. தனித்தனி ஆர்ம் வண்டியில் ஸ்ப்ராக்கெட் சட்டத்தில் பொருந்தியிருப்பதால் அதைச் சக்கர மையத்துக்கு மேலே தூக்கி வைக்கலாம். சக்கரம் ஆடினாலும் செயினின் தொய்வு மாறாது என்பது உபரி லாபம். செயின் தேய்ந்து நீள்வதற்கு மட்டும் அவ்வப்போது இறுக்கினால் போதும்.

குறைகளையும் மறைக்கவில்லை. குறுக்குச் சரிவில் போகும்போது ஸ்பிரிங் மெத்தென்று இருந்தால் உடல்பாரம் கீழ்ப்பக்கச் சக்கரத்தில் சாய்கிறது, அந்தச் சக்கரம் புதைகிறது. ஓட்டுபவர் மேட்டுப்பக்கம் நன்றாகத் தொங்க வேண்டியிருக்கும். குழிவான மேடுகளில் பின்பக்கத்தை வழுக்கித் திருப்புவதும் ஒற்றை அச்சில்தான் சுலபம். அதில் உள்சக்கரம் லேசாகத் தூக்கிக்கொடுக்கும், வண்டி சுழலும். தனித்தனி ஆர்மில் உள்சக்கரமும் மணலை விடாமல் பிடித்துத் தள்ளுவதால் முன்பக்கம் நேராகவே போகப் பார்க்கும். பாரத்தை முன்னால் கொண்டுபோய், த்ராட்டிலைக் கொஞ்சம் முன்னதாக விட்டுப் பிடித்தால் பழகிவிடும்.

ஆனால் பழைய வண்டிகளை மணல்காரர்கள் கைவிட்டது இதனால் அல்ல. சக்கரம், ரப்பர், புஷ் (ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்து உறை), எடை இந்த நான்கில்தான் கோட்டைவிட்டீர்கள்.

சக்கரத்திலிருந்து தொடங்குவோம். ஸ்போர்ட் குவாட்டின் பின்சக்கரத்துக்கு பேடில் டயர் வாங்கப் போனால் அலமாரி நிறைய இருப்பது 8, 9, 10 அங்குல ரிம்முக்கானவை, 20x11-9 (உயரம் 20, அகலம் 11, ரிம் 9 அங்குலம்) மாதிரி. தனித்தனி சஸ்பென்ஷனில் ரிம்முக்கு உள்ளேயே சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் ஆர்மின் மூட்டுகளும் குடியிருக்கின்றன. சின்ன ரிம்மை மாட்டினால் நக்கிளில் உரசும், ஆஃப்செட் (ரிம் உள்ளே வெளியே தள்ளி உட்காரும் அளவு) தப்பினால் ஆர்மில் உரசும். பெரிய ரிம்முக்கு மணல் டயர் தேடி அலைய வேண்டும். மணலுக்கென்றே பிறந்த வண்டிக்கு மணல் டயர் கிடைக்காத கொடுமை இது. நக்கிளை ஒடுக்கமாக வார்த்து 4/110 அல்லது 4/115 (110, 115 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு போல்ட்) அமைப்பில் 10 அங்குல ரிம் உட்கார வழிசெய்யுங்கள். பாதி வாடிக்கையாளர்கள் அன்றைக்கே திரும்பி வருவார்கள்.

ரப்பர் பூட் (மூட்டை மூடும் மடிப்பு உறை) இரண்டாவது. ஒவ்வொரு பின் சக்கரத்தையும் சுற்றும் அரை அச்சு ஒன்றுக்கு இரண்டு மூட்டு, ஆக வண்டிக்கு நான்கு பூட். முள்செடிக் குச்சி ஒன்று மடிப்பில் கிழித்தால் போதும், கிரீஸ் வெளியே வரும், மணல் உள்ளே போகும். இரண்டும் கலந்தால் வால்வு உட்காரவைக்கத் தேய்க்கும் பசை மாதிரிதான். குண்டுகளையும் கூண்டையும் தின்றுவிடும். முன்சக்கர இழுவைக் காரில் வளைவில் டக் டக்கென்று கேட்டால் மூட்டு போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும். குவாட்டின் பின் மூட்டு திரும்புவதே இல்லை. அதன் கோணம் மாறுவது சக்கரம் தொங்கும்போதுதான். அதனால் சத்தம் வளைவில் கேட்காது, முகட்டைத் தாண்டி வண்டி லேசாகும் நொடியில் கேட்கும். எஞ்சின் இரைச்சலில் அது பெரும்பாலும் காதில் விழாது. ஆகவே ஒவ்வொரு நாளும் பூட்டை விரலால் மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்க்க வேண்டும். கிழிந்திருந்தால் பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. மூட்டைக் கழற்றி, பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, குண்டு ஓடும் பள்ளத்தில் நகம் தட்டுகிறதா என்று பார்த்து, தட்டாவிட்டால் மட்டும் மாலிப்டினம் கிரீஸ் அடைத்து, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றிவிட்டுப் பட்டையை இறுக்க வேண்டும். ஆர்மோடு ஒரு பிளாஸ்டிக் காப்பைத் தொழிற்சாலையிலேயே மாட்டித் தந்தால் இந்த வேலை பாதியாகும்.

அச்சு முறிவதற்கும் இங்கேயே காரணம் இருக்கிறது. இந்த வண்டிகளில் டிஃபரன்ஷியல் இல்லை, இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும். குதித்துச் சாய்வாக இறங்கும்போது ஒரு சக்கரம் முதலில் மணலைத் தொட்டால் எஞ்சினின் முழு முறுக்கும் அந்தப் பக்கத்து அரை அச்சு ஒன்றுக்கே போகிறது. அதுவும் மூட்டு அதிகக் கோணத்தில் தொங்கும் நேரத்தில். இறங்கும் நொடியில் முழு த்ராட்டில் வேண்டாம் என்பதை விளக்கப் புத்தகத்தில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

புஷ் தேய்மானம்தான் ஆளைப் பயமுறுத்துவது, காரணம் புரியாததால். ஏறும்போது வண்டி நேராகப் போகும். செங்குத்துச் சரிவில் த்ராட்டிலை விட்டு எஞ்சின் பிடியில் இறங்கினால் பின்பக்கம் வாலாட்டும். ஷாக்கின் மேல் பழி போட்டு அதன் இறுக்கத்தை மாற்றும் க்ளிக்கரைத் திருகிக்கொண்டிருப்பார்கள். நடப்பது என்னவென்றால், இழுக்கும்போது சக்கரம் முன்னுக்குத் தள்ளுவதால் ஆர்ம் புஷ்ஷின் தளர்வு சக்கர முகத்தை (முன்விளிம்பை) உள்பக்கம் திருப்புகிறது, வண்டி நிலையாக இருக்கிறது. எஞ்சின் பிடியில் அதே தளர்வு முகத்தை வெளிப்பக்கம் திருப்புகிறது. சோதிப்பது சுலபம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, டயரின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் பிடித்து ஆட்டுங்கள். கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் புஷ் மாற்ற வேண்டும். சக்கர மைய உயரத்தில் முன்னும் பின்னும் டயர்களுக்கு இடையே அளந்தால் முன் அளவு பின் அளவுக்குச் சமமாகவோ ஓரிரு மில்லிமீட்டர் குறைவாகவோ இருக்க வேண்டும், கூடவே கூடாது. ஆர்ம் ஆடும் ஒவ்வொரு பிவட்டுக்கும் கிரீஸ் நிப்பிள் வையுங்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இது அல்ல.

எடைக்கு வருவோம். யமஹா ராப்டர் 700 பெட்ரோலோடு ஏறத்தாழ 190 கிலோ, டிஆர்எக்ஸ்700எக்ஸ்எக்ஸ் ஏறத்தாழ 230. எஞ்சின் இரண்டிலும் 686 சிசி. கிளாமிஸின் ஓல்ட்ஸ்மொபைல் ஹில் மாதிரி நீண்ட ஏற்றத்தில் அந்த 40 கிலோ ஒரு கியரைத் தின்றுவிடும். ரிவர்ஸ் கியரைக்கூட விட்டுக்கொடுப்போம், அந்தக் கிலோவைக் குறையுங்கள்.

ஸ்பிரிங்கும் மணலுக்கு ஏற்றதாக இருக்கட்டும். உடையோடு ஆள் உட்கார்ந்தால் வண்டி தன் அசைவில் மூன்றில் ஒரு பங்கு அமுங்க வேண்டும். பின்னால் இரண்டு ஷாக் இருப்பதால் இடமும் வலமும் தனித்தனியே அளந்து ஒன்றாக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகியிருந்தால் ஒவ்வொரு குறுக்குச் சரிவும் வேறு வண்டி மாதிரி தோன்றும். வூப்ஸில் போகப் போகப் பின்பக்கம் தாழ்ந்துகொண்டே வந்தால் ரீபவுண்ட் (அமுங்கிய ஷாக் திரும்ப நீள்வதைத் தடுக்கும் பிடி) அதிகம், இரண்டு க்ளிக் தளர்த்தினால் சரியாகும். மூன்றில் ஒரு பங்கு அமுங்குவது ஆளின் எடைக்கேற்ற ஸ்பிரிங் இருந்தால்தான் நடக்கும். 70 கிலோ ஆளுக்கும் 100 கிலோ ஆளுக்கும் தனித்தனி ஸ்பிரிங் விலைப்பட்டியலில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இம்பீரியல் மேடுகளில் தரையிலிருந்து 8 அடி உயரக் கம்பத்தில் கொடி கட்டாமல் ஓட்டக் கூடாது, முகட்டுக்கு அந்தப் பக்கம் வருபவருக்குத் தெரிவதற்காக. ஆனால் பெரும்பாலான ஸ்போர்ட் குவாட்களில் கம்பம் மாட்ட இடம் இல்லை. பலரும் பின் கைப்பிடியில் துளை போடுகிறார்கள், துளை போட்ட இடத்தில் விரிசல் விடுகிறது. புது வண்டியின் பின்சட்டத்தில் ஒரு மரையிட்ட துளை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
மணலில் குவாட் ஓட்டுபவர்களும் அவற்றைப் பிரித்துப் பூட்டுபவர்களும்