கிராண்ட் கேன்யன் ரேஞ்சர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் ரேஞ்சர்களுக்கும், தீயணைப்புக் குழுவினருக்கும், தன்னார்வலர்களுக்கும் வணக்கம்.

எங்கள் சித்தப்பா நன்றாக இருக்கிறார். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒருவரைப் பத்திரமாக மேலே கொண்டுவந்து சேர்த்ததும் அடுத்த அழைப்புக்கு ஓடிவிடுகிறீர்கள். அப்புறம் அவர் என்ன ஆனார் என்று திரும்பி வந்து சொல்பவர்கள் குறைவு.

பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பிரைட் ஏஞ்சல் பாதையில், மூன்று மைல் ஓய்விடத்துக்கு ஏறி வரும்போதுதான் அவருக்கு முடியாமல் போனது. குமட்டல், தலைவலி, கால்களில் நடுக்கம். வெயில் மயக்கம் என்றுதான் யார் பார்த்தாலும் சொல்லியிருப்பார்கள். அங்கிருந்த அவசரத் தொலைபேசியில் பேசினோம். பெரிய முதுகுப்பையோடு உங்களில் ஒருவர் வந்தார். சித்தப்பாவின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, நாடியைப் பிடித்தபடியே கேள்விகளை ஆரம்பித்தார். காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள்? எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்? கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள்? பதில்களைக் கேட்டதும், "தண்ணீர் போதும், இனி உப்புதான் வேண்டும்" என்றார். வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது ஒன்றும் சாப்பிடாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிடும், அது உயிருக்கே ஆபத்தாகக்கூடும் என்பதை அன்றுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். உப்பு பிஸ்கட்டைச் சிறிது சிறிதாகக் கடிக்க வைத்தார். வெயில் தாழும்வரை நிழலிலேயே உட்காரவைத்து, பிறகு அவர் நடைக்கு ஈடுகொடுத்து மேலே வரை கூடவே வந்தார்.

அந்த நேரம் முழுக்க அவர் தோளில் இருந்த வயர்லெஸ் பேசிக்கொண்டே இருந்தது. கீழே ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. விளிம்பில் ஒரு பிள்ளை பெற்றோரைத் தவறவிட்டுவிட்டது. தூரத்தில் எங்கோ புகை தெரிகிறது, மின்னல் விழுந்த மரமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, சித்தப்பாவிடம் திரும்பும்போது அவர் முகத்தில் கொஞ்சமும் அவசரம் இல்லை. எங்களுக்கு வாழ்நாளில் மறக்க முடியாத நாள் அது. உங்களுக்கோ வழக்கமான வேலைநாள். இதை எப்படித் தாங்குகிறீர்கள் என்று இன்றும் வியந்து பேசிக்கொள்கிறோம்.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கிறது. நீங்கள் தடுத்து நிறுத்துவதற்கான நன்றி.

மலை ஏறுபவருக்குக் கஷ்டம் முதலில் வரும். முடியாவிட்டால் திரும்பிவிடலாம், இறக்கம்தானே. இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். தெம்பாக இருக்கும்போது இறக்கம், களைத்த பிறகு ஏற்றம். கீழே போகப் போகச் சூடும் கூடுகிறது. கோடையில் ஆற்றங்கரையில் நிழலிலேயே 43 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. 1996 கோடையில் வெயிலுக்குப் பல உயிர்கள் போன பிறகு, 1997 முதல் பாதையின் தொடக்கத்திலேயே ஆள் நிறுத்தி விசாரிக்கத் தொடங்கினீர்கள். எங்கே போகிறீர்கள், சாப்பிட என்ன வைத்திருக்கிறீர்கள், பத்து மணியிலிருந்து நான்கு மணி வரை நடக்காமல் இருக்க முடியுமா என்று பொறுமையாகக் கேட்கிறீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுப் பாதி வழியில் திரும்பியவர்கள் யாரும் மீட்புக் கணக்கில் வருவதில்லை. அவர்களுக்கு உங்கள் முகம்கூட நினைவிருக்காது. என்னைக் கேட்டால், உங்கள் வேலையில் பெரிய வேலை இதுதான்.

அப்புறம் 2025 ஜூலை. நான்காம் தேதி பள்ளத்தாக்கின் வடவிளிம்பில் மின்னல் மூட்டிய 'டிராகன் பிராவோ' காட்டுத்தீ 1,45,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. 1932-இல் ஒருமுறை எரிந்து, 1937-இல் திரும்பக் கட்டப்பட்ட, அங்கிருந்த பழைய விடுதி இந்த முறை முழுவதுமாகப் போய்விட்டது. நெருப்பு அங்கே வந்து சேருமுன்பே தங்கியிருந்தவர்களை வெளியேற்றியிருந்தீர்கள். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தீப்பிடித்துக் குளோரின் கசிந்தது. அது காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில்தான் இறங்கும் என்பதால், பள்ளத்தாக்குக்குள் நடந்துகொண்டிருந்தவர்களையும் வெளியே கொண்டுவந்தீர்கள். ஊழியர்களின் குடியிருப்புகளும் எரிந்தன. தங்கள் வீட்டை இழந்தவர்களுக்கு நாங்கள் என்ன சொல்வது? உங்கள் துக்கத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

தீயணைப்புக் குழுவினரே, உங்கள் வேலையைப் பற்றிப் படித்ததில் ஒன்று மனதிலேயே நின்றுவிட்டது. ஒரு பக்கம் கோடரியும் மறுபக்கம் மண்வெட்டியுமாக இருக்கும் புலாஸ்கியால், வெறும் மண் தெரியும்வரை செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறீர்கள். தீ அடங்கிய பிறகும் கிளம்புவதில்லை. கையுறையைக் கழற்றி, புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எங்காவது சூடு மிச்சமிருக்கிறதா என்று அடி அடியாகத் தடவிப் பார்க்கிறீர்கள். செய்தியில் தீ அணைந்துவிட்டது என்று ஒரு வரி வருகிறதே, அதற்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன.

பாதையை மூடினால் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் திட்டமிட்டு, விடுமுறை எடுத்து வந்தவர்களுக்கு ஏமாற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்தக் கோபத்தை எல்லாம், தடுப்புக்கு அருகே தனியாக நிற்கும் ஒரு ரேஞ்சர் மேல் கொட்டுவது நியாயமே இல்லை. அந்தத் தடுப்புக்கு அருகே வெயிலில் நின்று, ஒரே பதிலை நாள் முழுக்கக் கோபப்படாமல் சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி.

எங்கள் அழைப்பை எடுத்துப் பேசிய கட்டுப்பாட்டு அறைக் குரலுக்கும், ஒரு பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வந்து உயிரைக் கொடுத்து உழைக்கும் தற்காலிகப் பணியாளர்களுக்கும் நன்றி. சித்தப்பா தனியாக ஒன்று சொல்லச் சொன்னார்: அன்று மேலே ஏறும்போது நீங்கள் ஒரு தடவைகூட "சீக்கிரம்" என்று சொல்லவில்லையாம். அதற்கு அவருடைய நன்றி.

அன்புடன்,
சித்தப்பாவும் எங்கள் குடும்பத்தார் அனைவரும்