பில்டர் வாங்க முதல்

வவுணதீவு

அன்பு மகனுக்கு,

உன் 450 சிசி மண் ரோட்டுப் பைக்குக்கு, எஞ்சினுக்குள் தூசு போகாமல் தடுக்கிற ஸ்பொஞ்ச் எயார் பில்டரில் மலிவானது 3 வாங்குவதா, விலை கூடியது ஒன்று வாங்குவதா என்று நேற்றுக் கேட்டாய். போனில் அரைகுறையாகச் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நல்லதாக 2 வாங்கு மனே. ஒன்று பைக்கில், மற்றது கழுவி எண்ணெய் போட்டுப் பையில்.

இங்கே இப்போது வறண்ட கச்சான் காற்று. உன்னிச்சைப் பக்கம் கிறவல் ரோட்டில் ஒரு டிராக்டர் போனால் பின்னால் வருகிறவனுக்கு வழி தெரியாது. இப்படி ஒரு கச்சானில்தான் படுவான்கரை வயல்காரத் தம்பி ஒருவனுடைய ட்ரெயில் பைக்குக்கு மலிவு பில்டர் போட்டுக் கொடுத்தேன். கையில் காசில்லை என்றான், எனக்கும் அது போதும் என்று பட்டது. ஒரு போகம் முடியுமுன் நீலப் புகையோடு வந்து நின்றான். கழற்றிப் பார்த்தால் ஸ்பொஞ்சின் ஒட்டு விரல் நீளத்துக்கு வாய் பிளந்து கிடந்தது. காபரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டேன், செம்மண் அரிசிமா போல ஒட்டிக்கொண்டு வந்தது. சிலிண்டரில் நகம் தட்டுப்படுகிற கீறல். ரிங் மாற்றி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, கூலி வாங்காமல்தான் அனுப்பினேன். அந்தப் பிழை என்னுடையது.

மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கல், கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் 7. சாதாரண இரும்பு அதற்கு எவ்வளவோ கீழே. உன்னுடையது போன்ற பல 450களில், எஞ்சினுக்குள் காற்றை விடுகிற இன்லெட் வால்வு டைட்டானியம். அதன் மேற்பூச்சைத் தூசு தின்றுவிட்டால் வால்வு மேலே ஏறி இடைவெளி குறையும், ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படும். அந்த வேலைக்கு அங்கே என்ன கூலி என்று உனக்குத்தான் தெரியும்.

நீ கூடக் கொடுக்கிற காசு ஒட்டுக்கும் விளிம்புக்கும். நல்லதில் வெளியே பெருங்கண், உள்ளே சிறுகண் என்று 2 அடுக்கு இருக்கும். விளிம்பு பில்டர் கூட்டில் இறுகி உட்காரும். மலிவில் பெரும்பாலும் ஒரே அடுக்கு. அவசரத்துக்கு அதைத்தான் வாங்க வேண்டி வந்தால் ஒட்டை மெதுவாக இழுத்துப் பார், கூட்டில் மாட்டி விளிம்பைச் சுற்றி டோர்ச் அடித்துப் பார். வெளிச்சம் கசிகிற இடத்தால் தூசும் போகும்.

எண்ணெய் போடாவிட்டால் எந்த விலைப் பில்டரும் வெறும் அரிதட்டுத்தான். நுண்ணிய தூசைப் பிடிப்பது அந்தப் பிசுபிசுப்பு. பில்டர் எண்ணெயே வாங்கு, எஞ்சின் ஒயில் வடிந்து கீழே இறங்கிவிடும். பெற்றோலில் கழுவாதே, ஒட்டு இளகும். அதற்கென்று விற்கிற கழுவும் திரவம் நல்லது. துணி மாதிரி முறுக்காமல் கைக்குள் வைத்து அமுக்கிப் பிழி. நிழலில் நன்றாகக் காயட்டும். அப்புறம் பொலித்தீன் பைக்குள் பில்டரையும் எண்ணெயையும் போட்டு, நிறம் எங்கும் ஒன்றாகும் வரை பிசை. விளிம்புக்கு மெல்லிதாகக் கிறீஸ்.

தூசில் ஓடிய ஒவ்வொரு நாளும் இதைச் செய். களைத்து வந்து செய்கிற வேலை இல்லைதான், அதற்காகத்தான் இரண்டாவது பில்டர்.

இந்த ஞாயிறு ஓடி முடிந்ததும் பில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடை. துணியைப் படம் எடுத்து அனுப்பு. எந்நேரமானாலும் பார்ப்பேன்.

அன்புடன்,
அப்பா