ஐம்பதும் இருபதும் எழுபது இல்லை

ஆசிரியருக்கு வணக்கம். ஆடி வந்தால் ஈரோட்டுத் துணிக்கடைகளில் '50% + 20% தள்ளுபடி' என்று போர்டு தொங்குகிறது, நம் ஆட்களும் எழுபது என்று கூட்டிக்கொண்டே உள்ளே போகிறார்கள். ஆயிரம் ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகும், அப்புறம் அந்த 500-இல்தான் இருபது சதவீதம், அதாவது 100 கழியும், ஆக 400 கொடுக்க வேண்டும், தள்ளுபடி அறுபதுதான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, சரி. கடைசி விலையையும் பக்கத்திலேயே எழுதினால் என்ன?

நகைக்கடையில் இன்னும் மோசம். 12 சதவீதம் சேதாரம் என்றால் காதுக்குச் சின்னதாகத்தான் கேட்கும். ஆனால் அது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு, எங்கள் அப்பாரு கணக்கில் அரைக்கால். எட்டு கிராம் பவுனுக்கு 0.96 கிராம் தங்கத்தின் காசு நம் கழுத்துக்கு வராமலே போய்விடுகிறது, அதற்கும் சேர்த்து 3 சதவீத ஜிஎஸ்டி வேறு. வட்டிக்காரர் சொல்லும் 'நூத்துக்கு ரெண்டு' மாதத்துக்குங்க, வருஷத்துக்கு 24. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நகை பில்லையே வீட்டுக்கணக்காகக் கொடுக்கலாம்.

– ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்