மீத்தேன் குறையட்டும், ஆட்டின் எடையும் ஏறட்டும்: கால்நடைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை இயக்குநர் அவர்களுக்கும், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தீவன ஆராய்ச்சியாளர்களுக்கும் வணக்கம்.

ஆடு மாடுகளின் ஏப்பத்தில் வெளியேறி வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேன் வாயுவைக் குறைக்கும் தீவனச் சேர்க்கைகள் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் ‘ஹரித் தாரா’ என்ற கலவையை உருவாக்கி, அது மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைக்கும் என்று சொல்லியிருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் இந்தப் பேச்சு பெரும்பாலும் மாட்டைச் சுற்றியே நடக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வெள்ளாடுகள் மட்டும் 14.88 கோடி. தமிழ்நாட்டில் ஒரு கோடிக்குக் கொஞ்சம் குறைவு. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகளை அரசே விலையில்லாமல் கொடுத்தது. அந்த ஆடுகளுக்கு என்ன சேர்க்கை, எவ்வளவு, யார் சோதித்தது என்று கேட்டால் தெளிவான பதில் கைக்கு வருவதில்லை.

தர்மபுரிப் பக்கம் சேலம் கருப்பு ஆடு வளர்க்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஆடு தின்ற தழை முதல் வயிற்றில் நொதிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்து மீத்தேனாக்குகின்றன. அதில் பெரும்பங்கு வாய் வழியாக ஏப்பமாக வெளியேறுகிறது. அசைபோடும் விலங்குகள் தின்ற தீவனத்தின் மொத்த ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிக் காற்றில் போகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. காற்றுக்கும் கேடு, நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட தீவனமும் வீண்.

ஆனால் மீத்தேனாகப் போகிற ஆற்றலைத் தடுத்துவிட்டால் அது அப்படியே கறியாக ஏறிவிடும் என்று யாரும் எங்களுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். பல ஆய்வுகளில் மீத்தேன் குறைந்தும் எடை ஏறவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சேர்க்கை கசந்தால் ஆடு தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும். தின்பது குறைந்தால் மீத்தேனும் தானாகக் குறையும். தாளில் அது வெற்றியாகத் தெரியும், சந்தையில் கிடாவைத் தூக்கிப் பார்க்கும் வியாபாரிக்கு உண்மை தெரிந்துவிடும். அதனால் தின்ற ஒரு கிலோவுக்கு எவ்வளவு மீத்தேன், ஏறிய ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு மீத்தேன் என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் பேர்பெற்ற சேர்க்கைகள் எங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் கறவை மாடுகளுக்கு அனுமதித்த ‘போவேர்’ என்ற மீத்தேன் குறைப்புச் சேர்க்கை, தீவனத்தோடு கலந்து நாள் முழுக்க உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் நன்றாக வேலை செய்யும். காலையில் அவிழ்த்துவிட்டால் பொழுது சாயத்தான் பட்டிக்குத் திரும்பும் ஆட்டுக்கு அதை எப்படிக் கொடுப்பது? சாயங்காலம் தொட்டியில் வைக்கும் ஒரு பிடி சோளத்தோடு கலந்து கொடுக்கக்கூடியதுதான் இங்கே நடைமுறைக்கு வரும்.

அப்படி ஒன்று எங்கள் ஊர்களிலேயே கிடைக்கிறது. அதே பெங்களூர் நிறுவனம் புளியங்கொட்டைத் தோலிலிருந்து ‘தமரின் பிளஸ்’ என்ற சேர்க்கையையும் செய்திருக்கிறது. அந்தத் தோலில் துவர்ப்புச் சத்தான டானின் நிறைய. மாசி, பங்குனியில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டுத் திண்ணையெல்லாம் பெண்கள் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கொட்டை மூட்டை மூட்டையாக மாவு ஆலைக்குப் போகிறது. தோலை நீக்கிய பருப்பு மாவுக்கு விலை உண்டு. தோலை ஆட்டுத் தீவனமாக்கினால் அதற்கும் ஒரு விலை வரும்.

வெள்ளாடு டானினைத் தாங்கக்கூடிய பிராணிதான். வெள்வேல மரத்தடியில் தொரட்டியால் ஒரு கிளையை உலுக்கினால் போதும், மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் முழுக்க ஓடி வந்து காயைப் பொறுக்கும். முன்னங்காலைத் தூக்கி நின்று கருவேலங்காயைப் பறிக்கும். டானின் அளவோடு இருந்தால் புரதம் முதல் வயிற்றிலேயே சிதைந்துபோகாமல் குடலுக்குப் போய்ச் சேர உதவுகிறது. இத்தகைய தழைகள் குடற்புழுவையும் ஓரளவு கட்டுப்படுத்துவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அளவு மீறினால் செரிமானம் கெடும், தீனி எடுக்காது. ஏற்கெனவே வேலங்காய் தின்று வயிறு நிறைந்து வரும் ஆட்டுக்கு மேலும் டானின் கொடுப்பது சரியா? கொட்டிலில் கட்டி வளர்க்கும் ஆட்டைச் சோதித்து இதற்கு விடை காண முடியாது. மேய்ச்சல் ஆட்டை மேய்ச்சல் காட்டிலேயே, கோடையிலும் மழைக்குப் பிறகும் எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பன்னிரண்டு மாதத்தில் 20 கிலோ எட்டும் கிடா எட்டு மாதத்திலேயே எட்டினால், மீதி நான்கு மாத ஏப்பம் மொத்தமாக மிச்சம். அதற்குப் பல இடங்களில் புதுச் சேர்க்கைகூடத் தேவையில்லை. தாது உப்புக் கலவையும், காலத்தில் செய்யும் குடற்புழு நீக்கமும், குட்டிகளைச் சாகாமல் காப்பாற்றுவதும் போதும். செத்துப்போகும் ஒவ்வொரு குட்டிக்காகவும் தாய் ஆடு சினைக்காலம் முழுக்கத் தின்ற தீவனமும் விட்ட மீத்தேனும் வீணாகின்றன. மீத்தேன் என்ற பெயரில் நிதி வந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அதன்பின் சேர்க்கை. கன்னி, கொடி, சேலம் கருப்பு என்று இங்குள்ள இனங்களில் தனித்தனியாகச் சோதியுங்கள். பலன் தராதவற்றின் முடிவையும் தமிழில் வெளியிடுங்கள். பையில் “மாட்டுக்கு இவ்வளவு” என்று மட்டும் அச்சிட்டால் ஆட்டுக்காரர் கண்ணளவில்தான் போடுவார். பத்து கிலோ குட்டிக்கு எத்தனை கிராம், சினை ஆட்டுக்குக் கொடுக்கலாமா, எந்த வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் பையிலேயே இருக்க வேண்டும். நாளைக்கு, மீத்தேனைக் குறைத்ததற்கு ஈடாக ‘கார்பன் வரவு’ என்று பணம் வந்தால், அதில் ஆடு வளர்ப்பவருக்கு எவ்வளவு என்பதையும் திட்டம் தொடங்கும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

புளி அறுவடை மாசியில் தொடங்கிவிடும். அதற்குள் எங்கள் வட்டாரத்தில் சில பட்டிகளைத் தேர்ந்தெடுத்தால், கொட்டைத் தோல் புதிதாகக் கிடைக்கும்போதே சோதனையை ஆரம்பிக்கலாம். சோதனைக்கு ஆடு தரவும், மாதாமாதம் தராசில் தூக்கி எடை குறித்து வைக்கவும் நாங்கள் தயார். ஒரு கால்நடை ஆய்வாளரை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
தர்மபுரி மாவட்ட ஆடு வளர்ப்பவர்களில் ஒருவன்