முதுகுக்கு உரியவரையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தோல் ஒவ்வாமைக்கான பேட்ச் டெஸ்ட் (ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைப் பட்டையில் வைத்து முதுகில் ஒட்டிப் பார்க்கும் பரிசோதனை) பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதுகில் ஒட்டும் பட்டைகளையும் வேதிப்பொருள்களையும் விரிவாக விளக்கிய கட்டுரை, அந்த முதுகுக்கு உரியவரை மறந்துவிட்டது. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர், முதுகில் ஸ்டீராய்டு களிம்பு தடவியவர், அண்மையில் கடும் வெயில் பட்டவர் ஆகியோருக்கு ஒவ்வாமை இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். எக்ஸிமா என்னும் தோல் அழற்சி தீவிரமாக இருக்கும்போது செய்தால் வெறும் எரிச்சலே ஒவ்வாமை போலத் தோன்றும். கருந்தோலில் லேசான சிவப்பு எளிதில் தெரியாது. விரலால் தடவித்தான் தடிப்பை உணர வேண்டும்.

ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துவந்த என் அக்காவுக்கு முதலில் ‘ஒன்றுமில்லை’ என்றே முடிவு வந்தது. மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திய பின் மறுபடி செய்தபோது நிக்கல் ஒவ்வாமை தெரிந்தது. (சாதாரண அலர்ஜி மாத்திரை பேட்ச் டெஸ்ட்டை அவ்வளவாகப் பாதிப்பதில்லை, ஊசியால் குத்திப் பார்க்கும் பரிசோதனையைத்தான் அது கெடுக்கும்.) ஆகவே நோயாளி அப்போது எடுத்த மருந்துகள், முதுகுத் தோலின் நிலை, 48 மணி நேரத்தில் பட்டையை எடுத்த பின் எந்தெந்த நாளில் பார்த்தார்கள் என்பதையெல்லாம் முடிவுத்தாளிலேயே பரிசோதனைக் கூடங்கள் குறிப்பிட வேண்டும். ஏனெனில் நியோமைசின் என்னும் ஆன்டிபயாடிக் போன்றவற்றுக்கு ஒரு வாரம் கழித்தும் எதிர்வினை வரக்கூடும்.

– ஒரு வாசகர்