ஒரு ரயில்வே கேட்டுக்கு ஒரே தேதி சொல்லுங்கள்

தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்ட மேலாளர் அவர்களுக்கும், தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் தலைமைப் பொறியாளர் அவர்களுக்கும், கும்டா என்று அழைக்கப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மூன்று அலுவலகங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறோம். தனித்தனியாக எழுதினால் கோரிக்கை இரண்டாக உடைந்துவிடுகிறது. ரயில்வே கேட்டுக்குப் பதிலாகக் கட்டும் பாலத்தில், தண்டவாளத்துக்கு மேலே வரும் துண்டு ரயில்வேயின் வேலை, இருபுறமும் இறங்கும் சாலை நெடுஞ்சாலைத் துறையின் வேலை. ஆனால் கேட்டின் முன்னால் நிற்கிறவருக்கு அது ஒரே பாலம். அதனால் எங்கள் கோரிக்கையும் ஒன்றுதான்: புறநகர் ரயில் பாதையில் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ தேவைப்படும் ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரே அட்டவணை, ஒரே பொறுப்பு அதிகாரி, முடியும் நாளாக ஒரே தேதி.

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். தாம்பரத்துக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோவில் என்று இன்று நெருங்கிக் கிடக்கும் குடியிருப்புகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வளர்ந்தது. ரயிலை நம்பித்தான் மக்கள் அங்கே மனை வாங்கினார்கள். இந்த வரலாறெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

காலையில் வேலைக்குப் போகிற ஒருவர் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் குடியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஏறவேண்டிய ரயில் பக்கத்து நிலையத்தை விட்டுப் புறப்பட்டதும், அந்த ரயிலுக்காகவே கேட் மூடுகிறது. ரயில் வருவது அவர் கண்ணுக்குத் தெரிகிறது, நடைமேடையும் தெரிகிறது. நடுவில் கேட். அவரைத் தடுத்து நிறுத்துவது அவர் பிடிக்கவேண்டிய அதே ரயில்தான். அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தால் அலுவலகத்தில் அரை நாள் சம்பளம் போகும். தடுப்புக்கட்டையின் கீழே குனிந்து போனால் ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதைவிடக் கொடியது பக்கத்துத் தடத்தில் வரும் விரைவு வண்டி. நின்றிருக்கும் மின்சார ரயில் அதை மறைத்துக்கொண்டிருக்கும். குனிந்து போகிறவர்களுக்கு அறிவில்லை என்று ஒலிபெருக்கியில் கண்டிப்பது எளிது. வேறு வழி அமைத்துக் கொடுத்துவிட்டு அதைச் சொன்னால் நாங்களும் சேர்ந்து சொல்வோம்.

கேட் இயங்கும் முறையை உங்கள் பொறியாளர்கள் நன்கு அறிவார்கள். சாலையில் காத்திருக்கும் பொதுமக்களுக்கு அது யாரும் விளக்காத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறோம். சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டில், தடுப்புக்கட்டை முழுதும் இறங்கிப் பூட்டிய பிறகே ரயிலுக்கான சிக்னல் மாறும். மாலையில் லாரியும் ஆட்டோவும் முட்டிக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டால் கேட் கீப்பரால் கட்டையை இறக்க முடியாது. சிக்னல் சிவப்பிலேயே நிற்கும், ரயிலும் நிற்கும். லாரி மோதிக் கட்டை உடைந்தாலும் இதே கதி. கேட் சிக்னல் சிவப்பிலிருந்து மாறாவிட்டால் ரயில் ஓட்டுநர் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டு, கேட் வரை ஊர்ந்து வந்து, கேட் கீப்பரின் கையசைவு பார்த்துத்தான் கடக்கவேண்டும். அந்தத் தாமதம் பின்னால் வரும் வண்டிகளுக்கும் தொற்றுகிறது. அவை நேரம் தவறி வரும்போது இரு திசை ரயில்களும் அடுத்தடுத்து வந்து, கேட் நடுவில் திறக்கவே வழியில்லாமல் போகிறது. சாலையில் தேங்கியது ரயிலைத் தேக்குகிறது, தேங்கிய ரயில் திரும்பவும் சாலையைத் தேக்குகிறது. எனவே இது நெடுஞ்சாலைத் துறையின் தலைவலி மட்டும் என்று ரயில்வே ஒதுங்க முடியாது, ரயில்வேயின் தலைவலி மட்டும் என்று நெடுஞ்சாலைத் துறையும் ஒதுங்க முடியாது.

ஒரு ரயிலுக்கு 4 நிமிடம் மூடுவதாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் திசைக்கு 6 வீதம் 12 ரயில் என்றால் 48 நிமிடம். எதிரெதிரே ஒரே நேரத்தில் கடக்கும் வண்டிகளால் கொஞ்சம் குறையும். விரைவு வண்டியும் சரக்கு வண்டியும் அந்தக் குறைவைத் தின்றுவிடும். தாம்பரம் செங்கல்பட்டு இடையே மூன்றாவது தடம் வந்தது, நான்காவது தடமும் திட்டத்தில் இருக்கிறது. கூடுதல் ரயில்களை நாங்கள்தான் கேட்டோம், இன்னும் கேட்போம். ஆனால் கேட்டை அப்படியே வைத்துக்கொண்டு ரயிலை மட்டும் கூட்டினால், சேரும் ஒவ்வொரு ரயிலும் அந்த ஊரை இன்னும் சில நிமிடம் இரண்டாகப் பிளக்கும்.

எந்தக் கேட்டுக்குப் பாலம் என்பதை முடிவு செய்ய ரயில்வே பயன்படுத்தும் அளவை ரயில் வாகன அலகு, அதாவது டிவியு. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகன அலகுகளால் பெருக்கி, ஒரு லட்சத்தைத் தாண்டினால் செலவைப் பகிர்ந்துகொள்ளும் மேம்பாலத்துக்குத் தகுதி. இந்தப் பெருக்கலில் நடந்து போகிறவருக்கு அலகே கிடையாது. புறநகர் நிலையத்தை ஒட்டிய கேட்டில் அதிகம் கடப்பவர்கள் யார்? நடந்து நிலையத்துக்கு வருகிற பயணிகள். அவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்றாலும் கணக்கில் சுழியம். இன்னொன்று: கேட் மூடியே கிடப்பதைப் பார்த்து வண்டிக்காரர்கள் சுற்றுவழிக்குப் போய்விடுகிறார்கள். கணக்கெடுக்கும் நாளில் எண்ணிக்கை குறைகிறது. இடைஞ்சல் முற்றிய கேட், காகிதத்தில் தேவை குறைந்த கேட்டாகத் தெரிகிறது. இதைத் திருத்தும் அதிகாரம் கோட்ட அளவில் இல்லை என்றால், திருத்தவேண்டும் என்று மேலே எழுதும் கடமையாவது இருக்கிறது.

அனுமதி கிடைத்த பிறகு என்ன ஆகிறது? முதலில் பாலத்தின் மொத்த அமைப்பைக் காட்டும் பொது அமைப்பு வரைபடத்தில் இரு துறையும் கையெழுத்திட வேண்டும். இடையில் இன்னொரு தடம் திட்டமிடப்பட்டால் பாலத்தின் கண், அதாவது தூண்களுக்கு இடையிலான இடைவெளி, அகலமாக வேண்டும், வரைபடம் திரும்ப வரும். பிறகு நிலமெடுப்பு. அதன்பின் மின்வாரியத்தின் கேபிள், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் இடம் மாற்றவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பீடு, ஒரு வைப்புத்தொகை. ரயில்வே பக்கம் இரும்பு உத்தரங்கள் தயாராகி ஆய்வு முடியவேண்டும், ஓடும் தடத்துக்கு மேல் அவற்றை ஏற்ற ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதல் வேண்டும், நள்ளிரவில் சில மணி நேரம் ரயில்களை நிறுத்திவைக்கும் லைன் பிளாக்கும் மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்தும் பவர் பிளாக்கும் வேண்டும். இத்தனையும் கடினமான வேலை என்பதை மதிக்கிறோம். இரவெல்லாம் கிரேனடியில் நிற்கும் பணியாளர்கள்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில். ரயில்வேயின் வேலைகள், நெடுஞ்சாலைத் துறையின் வேலைகள் என்ற இந்த இரண்டு வரிசைகளும் தனித்தனி ஒப்பந்தமாக, தனித்தனிக் காலக்கெடுவோடு ஓடுகின்றன. தண்டவாளத்துக்கு மேலே ஒரு துண்டு முடிந்து, இறங்கச் சாலை இல்லாமல் வானத்தில் நிற்கும். அல்லது இருபுறச் சாலையும் ஏறி வந்து தண்டவாளத்தின் ஓரத்தில் அறுந்து நிற்கும். சிங்கப்பெருமாள்கோவிலில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் மாநில நெடுஞ்சாலையின் மேம்பாலமும், குரோம்பேட்டை ராதா நகர் சுரங்கப்பாதையும் ஆண்டுக்கணக்கில் இழுத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஒரே தேதி கேட்பது அதனால்தான்.

பாலம் முடிந்துவிட்டால் எல்லாம் சரியாகுமா? வண்டிகளுக்கு ஆகும். மின்கம்பிக்காகத் தண்டவாளத்துக்கு மேலே ஏறக்குறைய 6.5 மீட்டர் உயரம் விட்டு, உத்தரமும் தளமும் சேர்த்தால் சாலை கிட்டத்தட்ட 8 மீட்டர் ஏறவேண்டும். 30க்கு 1 சரிவு என்றால் ஒரு பக்கம் 240 மீட்டர். கேட்டுக்குச் சுவர் வைத்து அடைத்த மறுநாள், 20 மீட்டர் கடக்க நடந்து போகிறவர் அரைக் கிலோமீட்டர் ஏறி இறங்கவேண்டும், அதுவும் லாரிகளுக்கு நடுவே. முதியவரும் கைக்குழந்தையோடு வருபவரும் அதைச் செய்யமாட்டார்கள்; சுவரில் ஓட்டை விழும். ஆகவே நடைபாதையோ, மின்தூக்கியுள்ள நடைமேம்பாலமோ, பாதசாரிச் சுரங்கப்பாதையோ அதே மதிப்பீட்டில், அதே தேதியில் வரவேண்டும். அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்பதை ஏற்க முடியாது.

சுரங்கப்பாதைக்கும் இப்படி ஒரு மறதி உண்டு. கான்கிரீட் பெட்டியைத் தண்டவாளத்தின் அடியில் ஜாக்கி வைத்துத் தள்ளி நுழைப்பதோடு ரயில்வே வேலை முடிகிறது. மழைநீர் வடியும் வழி, மோட்டார், விளக்கு எல்லாம் சாலைத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ போகின்றன. பெட்டியின் அடிமட்டம் ஊரின் மழைநீர்க் கால்வாயைவிடத் தாழ்வு. கிணறு வெட்டி மோட்டாரால் இறைத்தாலும், இறைத்த நீர் ஏற்கெனவே நிரம்பிய சாலையோரக் கால்வாயில் விழுந்து, வழிந்து, மறுபடி உள்ளேயே வருகிறது. வேண்டியது தனிக் குழாயில் தூரத்து ஏரிப் போக்குக்கோ பெரிய ஓடைக்கோ கொண்டுபோகும் வழி, மாற்று மோட்டார் ஒன்று, மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர், அதை இயக்க இரவிலும் ஒரு ஆள். வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் அக்டோபரில் வருகிறது. அதற்கு முன்பு இந்த நான்கையும் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்திட ஒருவர் வேண்டும்.

2025 ஜூலை 8ஆம் தேதி கடலூர் மாவட்டம் செம்மங்குப்பம் கேட்டில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அன்றே ரயில்வே வெளியிட்ட அறிக்கையில், அங்கே சுரங்கப்பாதைக்கு ஒப்புதல் இருக்கிறது, மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாக வரவில்லை என்று ஒரு வரி இருந்தது. மாவட்ட நிர்வாகம் அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்பதற்குள் நாங்கள் போகவில்லை. பிள்ளைகளின் உடல்கள் வீடு சேர்வதற்கு முன்பே இரண்டு அலுவலகங்கள் ஒரு கோப்பு யார் மேசையில் இருந்தது என்று பேசிக்கொள்ளும் நிலை இன்னொரு கேட்டில் வரக்கூடாது. இதைச் சொல்லும்போது எங்களால் குரலைத் தாழ்த்த முடியவில்லை.

இந்தப் பிளவு கேட்டோடு நிற்கவும் இல்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது, ரயில் அதன் எதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தது, நிற்க நிலையம்தான் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயிலேறவேண்டியிருந்தது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை 2008இல் தொடங்கி, ஆதம்பாக்கத்தில் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்காக ஆண்டுகளைத் தொலைத்தது. போக்குவரத்தை ஒருங்கிணைக்க கும்டா சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022இல். பேருந்துக்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு வந்ததை மனமார வரவேற்கிறோம். பயணச்சீட்டு ஒன்றானது போல மதிப்பீடும் தேதியும் ஒன்றாகவேண்டும்.

கோபம் கொஞ்சம் அதிகமாகிவிட்டிருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பதைப் பணிவாகவே கேட்கிறோம்.

கும்டா முன்னின்று, சென்னைப் புறநகர்ப் பாதைகளில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு கேட்டுக்கும் இரு துறைப் பொறியாளர்களும் ஒரே நாளில் வந்து கூட்டாய்வு செய்யவேண்டும். அந்த ஆய்வு காலை எட்டு மணிக்கு நடக்கட்டும். அப்போதுதான் நடந்து கடப்பவர்களையும் எண்ண முடியும். வரைபடம், நிலம், குழாய் மாற்றம், உத்தரம் ஏற்றுதல், அணுகுசாலை, பாதசாரி வழி, நீர் வெளியேற்றம் ஆகிய ஏழும் ஒரே அட்டவணையில் வரட்டும். அந்த அட்டவணையைக் கேட்டின் இருபுறமும் தமிழில் பலகையாக வையுங்கள். பொறுப்பு அதிகாரியின் பதவியும் அலுவலகத் தொலைபேசி எண்ணும், எல்லாவற்றுக்கும் கீழே முடியும் தேதியும் அதில் இருக்கட்டும். தேதி தள்ளிப்போனால் பழைய தேதியை அழிக்காமல், பக்கத்தில் புதியதையும் காரணத்தையும் எழுதுங்கள்.

பாலம் வரும்வரை செய்யக்கூடியவையும் இருக்கின்றன. நிலையத்தின் நடைமேம்பாலம் ஒரு பக்கத்தில் மட்டும் இறங்கினால் மறுபக்கத் தெருவுக்கும் ஒரு படிக்கட்டு இறக்குங்கள். அந்தப் பக்கத்திலும் பயணச்சீட்டு இயந்திரம் ஒன்று வையுங்கள். கேட்டுக்கு முன்னால் சாலையின் நடுவில் தடுப்பு வைத்து, எதிர்த்தடத்தில் வண்டிகள் புகுந்து அடைப்பதை நிறுத்துங்கள். கட்டை இறங்கத் தாமதமாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் கூட்டாய்வு எந்தக் கேட்டில், எந்த நாளில் என்பதை அறிவியுங்கள். நாங்களும் வந்து நிற்கிறோம், எண்ணுவதற்கு உதவுகிறோம்.

இப்படிக்கு,
கேட்டின் இருபுறமும் குடியிருக்கும் புறநகர் ரயில் பயணிகள்