கருத்த கண்ணாடியும் பச்சை வட்டமும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. ஒஸ்லோ வீட்டின் பழைய கணப்புக்குள் நீ பொருத்தியிருக்கும் இரும்பு விறகடுப்பு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கதவுக்கு மேலே ஒட்டிய காந்த வெப்பமானியின் முள் எந்நேரமும் 150 பாகை செல்சியஸில், பச்சை வட்டத்துக்குள் நிற்பதால் எல்லாம் ஒழுங்கு என்று நீ எழுதியதையும், அடுத்த படத்தில் கதவுக் கண்ணாடி கன்னங்கரேலென்று இருப்பதையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. நெருப்பு சுவாலையின்றிப் புகைந்தால்தான் கண்ணாடி அப்படிக் கருக்கும். நானாக இருந்தால் கண்ணாடியைத்தான் நம்புவேன்.

இத்தகைய வெப்பமானிகளில் பச்சை வட்டம் ஏறத்தாழ 115 பாகையிலிருந்து 245 வரை இருக்கும். அந்தக் கணக்கு, வெளியே தெரியும் ஒற்றைத்தகட்டுப் புகைக்குழாயின் மேற்பரப்புக்கு உரியது. உள்ளே போகும் புகையின் சூடு அதைப்போல் கிட்டத்தட்ட இருமடங்கு. உன் அடுப்பின் குழாயோ சுவருக்குள் மறைந்து கிடக்கிறது. ஆகவே கதவோரத்து இரும்பு நெருப்பின் நேர்ச்சூட்டில் 150 காட்டிக்கொண்டிருக்கும்போதே, மேலே போகும் புகை ஆறி, குழாயின் உட்சுவரில் தாராகப் படிந்துகொண்டிருக்கக்கூடும். அந்தத் தார் ஒருநாள் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் 1000 பாகைக்கு மேல் எரியும். சூடு கூடிவிடுமோ என்று நீ இரவில் காற்றை அடைத்து வைக்கிறாய். எனக்குப் பயம் அந்தப் புகைச்சலில்தான்.

எங்கள் பேக்கரியில் 2022இல் எரிவாயு கிடைக்காமற்போனபோது, மூடிக்கிடந்த விறகுப் போறணையைத் திரும்பவும் மூட்டினோம். தணலை வாரியெடுத்தபின் தரையில் ஒரு பிடி மாவைத் தூவி, அது சிவக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் பாணை உள்ளே தள்ளுவோம். செங்கல் சூட்டைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லத்தான் விடும் என்பதால் அங்கே அந்தக் கைக்கணக்கு போதும். உன் இரும்பு அப்படியல்ல, நிமிடங்களில் ஏறி இறங்கும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் கையை விட்டு எது கூடச் சூடு என்று நாம் சண்டை பிடித்தோமே, அந்த வித்தையை அங்கே காட்டாதே.

பூட்டிய ஆளையே கூப்பிட்டு, குழாய்க்குள் முனை இறங்கும் கம்பி வெப்பமானி ஒன்றை, தயாரிப்பாளர் காட்டிய இடத்தில் வைக்கச் சொல். அதன் முனையில் இருக்கும் கே வகை வெப்ப இணை (சூட்டை உணரும் இரட்டை உலோகக் கம்பி) 1200 பாகைவரை தாங்கும். அதன் கம்பியை வெளியே எடுத்து, இலக்கத்தை நாற்காலியில் இருந்தபடியே பார்க்கலாம். குழாயை நீயாகத் துளைக்காதே. கையில் பிடிக்கும் அகச்சிவப்பு மானியும் உதவும்தான், ஆனால் கறுப்பு இரும்பில் மட்டும் பிடி. பளபளக்கும் சட்டத்தில் பிடித்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும்.

மானி எதுவானாலும் ஈர விறகுக்கு அது மருந்தல்ல. மாரியில் நனைந்த விறகு போறணையைப் படுத்தும் பாட்டை நான் வருடந்தோறும் காண்கிறேன்: நெருப்பின் சூட்டில் கணிசமான பங்கு, தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். உன் பேர்ச் கட்டையைப் புதிதாகப் பிளந்து, அந்தப் பிளந்த முகத்தில் ஈரமானியைக் குத்திப் பார். 20 சதவீதத்துக்கு மேலே காட்டினால் அடுத்த குளிருக்கு ஒதுக்கிவை. அந்த ஊர்க்காரர் செய்வதுபோல் விறகடுக்கின் உச்சியில் தீ வைத்து மேலிருந்து மூட்டு. படுக்கப் போகுமுன் சிறிய அடுக்காக வைத்து, காற்றை விட்டு, சுவாலையோடு எரிந்து முடிய விடு.

புகைபோக்கிக்குள் இரைச்சல் கேட்டால் காற்று வழிகளை அடைத்துவிட்டு, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டுபோய் தீயணைப்புக்கான 110ஐ அழை. அது வேறு கதை, அதுவரை போகவிடாதே. அங்கே நகரசபையே புகைபோக்கி துடைப்பவரை அனுப்புகிறது அல்லவா, அவரை முறைக்குக் காத்திராமல் இப்போதே வரச் சொல். குழாயிலிருந்து அவர் எடுத்தது உதிரும் புகைக்கரியா, கண்ணாடிபோல் மினுங்கும் தாரா என்று எனக்கு மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பள்ளித்தோழன்